கோரம்

ஆண்டுப் பொதுக்கூட்டம். பிப்ரவரி, வியாழக்கிழமை.
சாஸ்கடூனில் வெளியே கழித்தல் முப்பத்திநான்கு.
பாலத்தில் ஆட்கள் தெரியவில்லை,
மூச்சுப்புகை மட்டும் நடந்து வருகிறது.

முப்பது பேர் வேண்டும்.
முதுநிலை மாணவர் சங்கம், விதி ஐந்து, உட்பிரிவு இரண்டு:
கோரம் இல்லாத கூட்டம்
கலைந்துபோவதைத் தவிர
வேறெதையும் தீர்மானிக்க முடியாது.

எனக்குத் தெரிந்த கோரம் வேறு.
ஊர்ச் செய்தித்தாளில்
விபத்துக்கு முன்னால் வந்து நிற்கும் சொல்.
செயலாளரான பிறகுதான் (போட்டியின்றி,
அதாவது வேறு யாரும் வேண்டாமென்றதால்)
இரண்டும் ஒன்றுதான் என்று புரிந்தது.

இருபத்தொன்பது.
லாரிசா டிமிட்ருக் பென்சில் நுனியால் எண்ணினாள்,
வலமிருந்து ஒருமுறை, இடமிருந்து ஒருமுறை.
பீட்சா பன்னிரண்டு பெட்டி.
பீட்சா உறுப்பினர் அல்ல.

வாளியோடு வந்த துப்புரவாளர் ஹாவர்டை
எல்லோரும் ஒருகணம் ஆசையாய்ப் பார்த்தோம்.
"நான் வேற சங்கம்" என்றார்.
"எங்களுக்கு எப்பவும் ஆள் நிறையும்."

பிறகு யாரோ ஓடி
மூன்றாம் மாடி ஆய்வகத்திலிருந்து
ஃபர்னூஷை இழுத்து வந்தார்கள்,
வெள்ளை அங்கியோடு, கழுத்தில் டைமரோடு.
"பதினெட்டு நிமிஷம். என் புரதம் காத்திருக்காது."
கைதட்டினோம். ஒரு மனுஷி வந்து உட்கார்ந்ததற்கு
அப்படிக் கைதட்டி நான் பார்த்ததில்லை.

பொருளாளர் வாசித்தார், மூன்று நிமிடம்.
அலுவலகத்துப் பழைய சோபாவை எறிவதா என்பதில்
பதினைந்து போயிற்று.
ஒரு திருத்தம்.
திருத்தத்துக்கு ஒரு திருத்தம்.
சோபா இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அடுத்தது பல்.
ஆளுக்கு ஆண்டுக்குப் பதினொரு டாலர் கூட்டினால்
ஞானப்பல் பிடுங்கவும் காப்பீடு உண்டு.
மண்ணியல் துறை டெல்ஃபின் கார்டினல்
மூன்று வாரமாய் ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள்,
ஒரு பக்கமாகவே சிரிக்கிறாள்.

லாரிசா தீர்மானத்தைப் படித்து முடிக்கவும்
டைமர் அடித்தது.
ஃபர்னூஷ் எழுந்தாள்,
எல்லோரிடமும் உதட்டால் மன்னிப்புக் கேட்டாள்,
கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

விதி ஐந்து, உட்பிரிவு மூன்று:
எண்ணச் சொல்லி யாரும் கேட்கும்வரை
இருந்த கோரம் இருப்பதாகவே கொள்ளப்படும்.
லாரிசாவுக்கு அது தெரியும். எனக்குத் தெரியும்.
போன ஆண்டு அந்த வரியை எழுதிக்கொடுத்த
டெட்டேவுக்குத் தெரியாமலா இருக்கும்?

டெட்டே கை தூக்கினார்.
டெல்ஃபின் மெல்வதை நிறுத்தினாள்.
என் பேனா தாளில் ஒரு புள்ளியை வைத்து
அதைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது.

"பதினொரு டாலர் உங்களுக்கு ரெண்டு காபி.
எனக்கு, மகளோட பனிக்காலணியில ஒரு கால்.
நான் எதிர்க்கிறேன்."
உட்கார்ந்துவிட்டார்.
அவ்வளவுதான்.
எண்ணக் கோரவில்லை.

ஆதரவு பதினேழு. எதிர்ப்பு ஒன்பது.
விலகியோர் மூன்று, தலைவரையும் சேர்த்து.
உள்ளது உள்ளபடி எழுதினேன்.
கூட்டிப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

மீதிப் பீட்சா இரண்டு பெட்டியை
டெட்டே கேட்டு வாங்கிக்கொண்டார்.
கையில் பெட்டி இருந்ததால்
டெல்ஃபின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.
"நான் எதிர்த்துத்தான் போட்டேன், தெரியும்ல?"
"தெரியும்" என்றாள்,
ஒரு கையால் தாடையைப் பொத்தியபடி.
குளிர் முதலில் அங்கேதான் இறங்குகிறது.

காலையில் ஃபர்னூஷிடமிருந்து ஒரு வரி:
புரதம் பிழைத்துக்கொண்டது. சோபா என்ன ஆச்சு?

நடவடிக்கைக் குறிப்பைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து
கோப்பில் வைத்திருக்கிறேன்.
அது சரிதான் என்று ஏற்க
அடுத்த பிப்ரவரியில்
முப்பது பேர் வேண்டும்.